பத்தொன்பது நாள் வண்டி இல்லை

அன்புள்ள வாசகர்களுக்கு,

சென்ற மாத இதழ் உங்களில் பலருக்கு மூன்று நாள் தாமதமாகக் கிடைத்தது. பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் முகவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் கடைக்கு மூன்று நடை நடந்து வெறுங்கையோடு திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். அவரிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்தில் தாமதம் இல்லை. கட்டுகளை ஏற்றி வரும் நம் குட்டியானை, பொழிச்சலூரில் ஒரு பெயிண்ட் பட்டறையில் கதவும் பம்பரும் கழற்றிய நிலையில் நின்றிருந்தது. எட்டு நாளில் தருவதாகப் பேசி விட்ட வண்டி, பத்தொன்பதாம் நாள்தான் வெளியே வந்தது. மார்கழியில் வாடகை வண்டி கிடைப்பதும் குதிரைக்கொம்பாகிவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் உங்களில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் இதே மாதிரி ஒரு பழைய வண்டி நிற்கிறது. தண்ணீர் கேன் போடுகிறவர், கோயம்பேட்டிலிருந்து காய் எடுத்து வருகிறவர், சாமியானா பந்தல் போடுகிறவர், வீடு மாற்றும் சாமான் ஏற்றுகிறவர் என்று நம் சந்தாதாரர்களிலேயே பலர் இருக்கிறார்கள். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, அப்படியே ஓட்டலாமா என்று அவர்களும் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக இந்தப் பத்தொன்பது நாளையும், போன பணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நம் வண்டி 2009 மாடல் டாடா ஏஸ். 2005 மே மாதம் அந்த வண்டி சந்தைக்கு வந்தபோது, மூன்று சக்கர வண்டி நுழைகிற சந்துக்குள் நான்கு சக்கரத்தோடு ஒரு லாரிக்குட்டி வந்துவிட்டதே என்று ஆச்சரியமாகப் பார்த்தோம். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். கம்பெனி வைத்த பெயரை யார் சொன்னார்கள்? தமிழ்நாடு முழுக்க அது குட்டியானைதான். 2013இல் ஒரு காய்கறி வியாபாரியிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினோம். வாங்கியபோது பளிச்சென்ற வெள்ளை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கப் போவதில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் அடையாற்றில் இறங்கி, அனகாபுத்தூர், கவுல் பஜார், பொழிச்சலூர் என்று ஆற்றோரம் முழுக்க வீடு புகுந்தது. விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. நம் வண்டி சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்ஜினைப் பிரித்து, ஆயில் மாற்றி, ஒயரிங் பார்த்து ஓடவிட்டோம். ஓடியதும் நிம்மதியாகிவிட்டோம். கால் வைக்கும் இடத்தில் விரிப்புக்கு அடியில் ஒரு சணல் மெத்தை இருக்கிறது. அது குடித்த சேற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அங்கே பிடித்த துரு ஒன்பது, பத்து வருஷம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நடுவில் 2018இல் ஒரு தப்பு செய்தோம். எஃப்சி நாள் நெருங்கிவிட்டது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பட்டறையில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மூன்றே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இதற்குப் பெயரே எஃப்சி பெயிண்ட். துருவின் மேல் இரண்டு இழுப்பு எமரி, அதன் மேல் பட்டி, அதன் மேல் எனாமல். சான்று கிடைத்தது. அடுத்த ஐப்பசி மழைக்கே சக்கர வளைவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கீறினால் வெள்ளைத் தோல் உரிந்து உள்ளே செங்கல் நிறத்தில் பொடி கொட்டியது. அந்தப் பட்டறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒன்பதாயிரத்துக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துப் போகிறது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளிருந்து அது முட்டித் தள்ளிவிடும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒன்பதாயிரம் ஆனது.

இந்த முறை மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஜிஎஸ்டி சாலையில் தூசி புகாத பெயிண்ட் அறை வைத்திருக்கும் இடத்தில் 72,000 என்றார்கள். சாலையோரத்தில் ஒருவர் 14,000 என்றார். பொழிச்சலூர் பெயிண்டர் அண்ணன் உடனே விலை சொல்லவில்லை. “வண்டியை விட்டுட்டுப் போங்க சார், நாளைக்குச் சொல்றேன்” என்றார். மறுநாள் 36,000 என்றார். “ஒண்ணேகால் லட்சம் பெறாத வண்டிக்கு இவ்வளவு கொட்டணுமா?” என்று அலுவலகத்தில் எல்லோருமே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இன்ஜின் இன்னும் நன்றாக இருக்கிறது. புது வண்டி என்றால் மாதத் தவணை. அது இதழின் விலையில்தான் வந்து விடியும். நல்ல தகரத்தில் இருக்கிற வண்டி இன்னும் ஆறேழு வருஷம் உழைக்கும். அதனால் அண்ணனிடமே கொடுத்தோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்த ஒருவரிடம் தொழில் கற்றவர். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் ஸ்டாண்டர்ட் 20 வேனும் அங்கிருந்துதான் வந்தன என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எண்பதுகளோடு அந்த ஆலையின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அங்கே பழகிய கை, கையிலிருந்து கைக்கு மாறி, நம் தெற்குப் புறநகர்ப் பட்டறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான்.

முதல் நாள் அவர் வண்டியைச் சுற்றி வந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம், கைக்குட்டையில் சுற்றியது. கதவில் வைத்தார், ஒட்டியது. சக்கர வளைவில் வைத்தார், கீழே விழுந்தது. “இங்க தகரம் இல்ல சார். பட்டிதான் நிக்குது.” 2018இல் துரு தின்ற ஓட்டையை அப்படியே பட்டியால் அடைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிற யாரும் இப்படி ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 2018இல் பெயிண்ட் அடித்து வாங்கியபோது நமக்கு இது தெரியாமல் போயிற்று.

விரிப்பைத் தூக்கியபோது கணக்கு மாறியது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் திருகுளி முனையை வைத்து லேசாக அழுத்தினார். அது பொத்துக்கொண்டு இறங்கி, அடியில் தரை தெரிந்தது. இத்தனை நாள் எங்கள் டிரைவர் தம்பி கால் வைத்திருந்த இடம் அது. என் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய எட்டாயிரம் கூடுதலாகும் என்றார். பேசாமல் சரி என்றேன். டிங்கர் வேலைக்கே ஐந்து நாள் போயிற்று. வெட்டிய இடம், அடித்து நிமிர்த்திய இடம் எல்லாவற்றிலும் துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதைத்தான். பெயிண்ட் அடிப்பது என்றதும் நமக்கு ஸ்ப்ரே கன்தான் நினைவுக்கு வருகிறது. நம் வண்டிக்கு ஸ்ப்ரே கன் பிடித்த நேரம் மொத்தமாக ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்சம் எல்லாம் தேய்ப்பு. பட்டி பார்ப்பார்கள், காயும், 80 நம்பர் எமரியில் தேய்ப்பார்கள். மறுபடி பட்டி, மறுபடி 120, 220. பிரைமர் அடித்த பிறகு தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் 400, 600, 800 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு பெயிண்டைத் தின்னரில் கரைத்துப் புகை மாதிரி மேலே ஒரு தூவல் தூவிவிட்டுத் தேய்க்கிறார்கள். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். நின்ற இடத்துக்கு மறுபடி பட்டி. அதற்கும் மேலே அண்ணனுடைய உள்ளங்கை. ஒரு மெல்லிய துணியைத் தகரத்தின் மேல் போட்டு, அதன் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு தடவு தடவுகிறார். “இங்க ஒரு அலை இருக்கு” என்கிறார். நான் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெயிண்ட் ஏறி வெயில் பட்டால் அந்த அலை ஊருக்கே தெரியும் என்றார்.

தேய்ப்பது அண்ணனின் உதவியாளர். விழுப்புரம் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது. காலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் கட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கதவின் ஒரு பக்கம் முடியவே மதியம் ஆகிவிடும். ஒருநாள் அவன் போனை எடுத்து, விரல் வைத்துத் திறக்கப் பார்க்காமல் நான்கு எண்ணை அழுத்தித் திறந்தான். ஏன் தம்பி என்றேன். விரலைக் காட்டினான். ஐந்து விரல் நுனியும் வழவழவென்று, நனைந்த சோப்பு மாதிரி இருந்தன. ரேகையே இல்லை. “எமரி சாப்டுடுச்சு சார். புது சிம் வாங்கப் போனேன், ஆதார் மிஷின்ல விரலே விழல. நாலு கடை ஏறி இறங்கி, அப்புறம் கண்ணக் காட்டித்தான் வாங்கினேன்” என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, அன்றாடம் நடப்பதைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தால் லேசாகத் திரும்ப வரும் என்றும் சொன்னான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு நாள் பத்தொன்பதாக நீண்டதற்கு டிங்கர் வேலை ஒரு காரணம் என்றால், வானம் இன்னொரு காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது என்று நம்பி மார்கழி முதல் வாரத்தில் வண்டியை விட்டோம். மழை மறுபடி வந்து நான்கு நாள் பெய்தது. அது போனதும் பனி. ஈரக்காற்றில் கன் பிடிக்க மாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்துவிடும். பெயிண்ட் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போகும். இப்போது அடிக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டில் இன்னொரு தொல்லை. அதோடு கலக்கும் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் பளபளப்பு போய்க் குமிழி விடும். “அவசரம்னா அடிச்சுத் தர்றேன். ஆனா என் பேர் சொல்லாதீங்க” என்றார். நான் காத்திருந்தேன். நீங்களும் என்னோடு சேர்ந்து காத்திருந்தீர்கள்.

ஒருநாள் காலை பத்தரை மணிக்கு வெயில் ஏறியதும் ஷெட் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, முதல் கோட் அடித்தார்கள். மீனம்பாக்கத்திலிருந்து எழும்பிய விமானம் ஒன்று தகரக் கூரையை அதிரவைத்துப் போனது. அதன் உடம்பில் இருப்பதும் இதே பாலியூரித்தேன் வகைதான். பட்டறையில் டூகோ என்று ஒரு சொல் புழங்குகிறது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 1923இல் கார்களுக்குக் கொண்டுவந்த பெயிண்டின் வணிகப் பெயர் அது. அதற்கு முன்பு ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே கொடுத்ததற்கு, கறுப்பு சீக்கிரம் காய்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த டூகோ காலம் மலையேறி எத்தனையோ வருஷமாகியும், பெயர் நம் பொழிச்சலூர் சந்தில் நிற்கிறது.

அண்ணன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் கன் பிடித்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது மூச்சில் சேர்ந்து ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அதன் பிறகு மிகக் கொஞ்சம் பட்டால்கூட ஆஸ்துமாவை இழுத்துவிடும். உலகம் முழுக்கப் பெயிண்டர்களுக்கு வருகிற தொழில்நோய் இது. கைக்குட்டை இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொடுக்கிற முகமூடிதான் சரியானது. அது இல்லாத இடத்தில் கார்பன் வடிகட்டி வைத்த முகமூடியாவது வேண்டும். பழைய பெயிண்டைத் தண்ணீர் தொடாமல் தேய்ப்பதும் ஆபத்து, ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வண்டிப் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. கார்பன் வடிகட்டி வைத்த இரண்டு முகமூடி 2,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். முதலில் “மூச்சு முட்டுது சார்” என்று கழற்றி வைத்தார்கள். மூன்றாவது கோட் அடிக்கும்போது இருவர் முகத்திலும் இருந்தது.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. டிங்கரிங், வெல்டிங், தகரம் 11,500. பெயிண்ட், ஹார்டனர், பிரைமர், தின்னர், பட்டி, எமரி எல்லாம் சேர்த்து 12,200. பெயிண்டர் கூலி 16,000. கதவு ரப்பர், கண்ணாடி பீடிங் 2,300. எழுத்து வேலையும் ஒளிரும் ஸ்டிக்கரும் 2,000. மொத்தம் 44,000 ரூபாய். வாடகை வண்டிக்கு நான்கு நடைக்கு 7,200 தனி. இதில் கூலி 16,000 என்பது பெரிதாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. இரண்டு பேர், மழை நாளையும் டிங்கர் நாளையும் கழித்துப் பத்து நாள் வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய். ஒரு டப்பா நல்ல பெயிண்டின் விலையை நாம் வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறோம். அதில் விலை அச்சடித்திருக்கிறது. கூலியில்தான் “ரெண்டாயிரம் கொறச்சுக்கோங்கண்ணே” என்கிறோம். அந்த இரண்டாயிரம் எங்கிருந்து குறையும்? பெயிண்டில் குறையாது. 600 நம்பரில் தேய்க்க வேண்டிய ஒரு நாள் குறையும். அது மூன்றாவது மழையில் கொப்புளமாக நம் கதவிலேயே வந்து நிற்கும். வண்டி வைத்திருக்கும் நம் வாசகர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: எதில் வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், தேய்ப்பில் வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலமாக்கலாம் என்று அலுவலகத்தில் ஆசைப்பட்டார்கள். ஆர்சியில் வெள்ளை என்று இருக்கிறது. நிறம் மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். வெள்ளையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வண்டி தயாரானது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மற்ற ஊராக இருந்தால் சனிக்கிழமை எடுக்காதே என்பார்கள். நம் பொழிச்சலூரில் அகத்தீஸ்வரர் கோயில் வடதிருநள்ளாறு. சனிக்கிழமைதான் இங்கே விசேஷம். காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் கொண்டு நிறுத்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். எள் விளக்கு போட வந்த கூட்டத்தில் ஒரு அம்மா “புது வண்டியா?” என்று கேட்டார். டிரைவர் தம்பிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

எழுத்துக்காரர் அங்கேயே நிழலில் உட்கார்ந்து கதவில் இதழின் பெயரை எழுதினார். ஸ்டிக்கர் வேண்டாம், கையால் எழுத வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். சாக்பீஸ் நூலால் இரண்டு கோடு தட்டி, அணில் முடி பிரஷால் ஒரே இழுப்பில் சுழி போட்டார். பிறகு பெயிண்டர் அண்ணனிடமும் பையனிடமும் உங்கள் பெயரையும் ஓரத்தில் எழுதச் சொல்லவா என்று கேட்டேன். அண்ணன் பட்டறைப் பெயர் போதும் என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் கதவைத் திறந்து, உள்பக்கத் தூணில் கீல் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினான். அங்கே எழுதியிருக்கிறது.

உங்கள் கையிலிருக்கும் இந்தத் தை இதழ் அந்த வண்டியில்தான் வந்தது. இனி மாதம் பிறந்ததும் விடியற்காலை நான்கு மணிக்குப் பல்லாவரம் – குன்றத்தூர் சாலையில் வெள்ளைக் குட்டியானை வருவதைப் பார்த்தால் கை காட்டுங்கள், டிரைவர் தம்பி நிறுத்துவார். கதவில் மட்டும் சாய வேண்டாம். பெயிண்ட் உள்ளே இறுக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, மேலே தார்ப்பாய் போட்டு மூடக் கூடாது, காக்கை எச்சம் விழுந்தால் அன்றே துடைத்துவிட வேண்டும் என்று அண்ணன் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்